நினைவகம் தீரும்போது

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நம்மிடம், கணிப்பொறி பற்றிப் பேசுக என்று மட்டுமே கூறினர். கணிப்பொறியின் அருஞ்செயல்களை அடுக்கிக் கூறி, மாணவர்களை வியப்பில் ஆழ்த்திவிட்டு அமர்வது எளிது. அவ்வாறு பேசுவார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. கையிருப்பெல்லாம் தீர்ந்து, கேட்பவர்க்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வரும்போது கணிப்பொறி யாது செய்கிறது என்பதே அது. ஒரு குடும்பத்தை அறிய விரும்புவோர் அதன் விருந்து நாளில் செல்வதைவிடத் தட்டுப்பாட்டு நாளில் சென்று பார்ப்பதே நலம் என்பர். கணிப்பொறிக்கும் அது பொருந்தும்.

ஒரு கணிப்பொறியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலாளராக நின்று செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பங்கிட்டுத் தருவது, இயக்க அமைப்பின் உட்பகுதியாகிய கெர்னல். கொட்டையினுள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். கெர்னல்கள் பல உள. நாம் இங்கு எடுத்துக்கொள்வது லினக்ஸ் கெர்னல். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி அது. உங்கள் கைகளிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அதுவே இருக்கிறது. அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கவாறு வெளியிடப்பட்டிருக்கிறது. ஆகவே நாம் கூறப்போவதை ஐயுறுவோர் தாமே படித்துத் தெளியலாம். இன்றைய பேச்சின் கருப்பொருளாகிய பகுதி பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட ஒரே கோப்பில் அடங்கியிருக்கிறது.

நினைவகத்தைக் கெர்னல் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான பொறிகளில் பக்கம் ஒன்று 4,096 பைட்டு. 8 ஜி.பி. நினைவகமுள்ள பொறியில் 20,97,152 பக்கங்கள் இருக்கும். இந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதுபவரும் கெர்னலே, காப்பவரும் கெர்னலே.

இனி வியப்புக்குரிய செய்திக்கு வருவோம். நிரல் ஒன்று, எனக்கு 1 ஜி.பி. இடம் வேண்டும் என்று கேட்கிறது. கெர்னல் உடனே, தந்தோம் என்கிறது. உண்மையில் ஒரு பக்கமும் தரவில்லை. வெறும் முகவரிகளை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறது. நிரல் அந்த முகவரியில் முதல் எழுத்தை எழுத முற்படும் கணத்தில்தான், கெர்னல் ஓடிச்சென்று ஒரு வெற்றுப் பக்கத்தைத் தேடி எடுத்து அங்கே வைக்கிறது. இதனால் கையில் 8 ஜி.பி. மட்டுமே வைத்திருக்கும் கெர்னல் 20 ஜி.பி.க்கு வாக்குக் கொடுத்திருக்கக்கூடும். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். இருப்பை மீறிய வாக்குறுதி என்று தமிழில் சொல்லலாம்.

இது மோசடி அன்றோ என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நம் ஊர்த் திருமணங்களை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு அழைப்பிதழ் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் சுற்றமும் நட்பும் சூழ வருக என்று எழுதுகிறோம். அதற்காகச் சமையற்காரரிடம் இரண்டாயிரம் இலைக்குச் சொல்லிவைப்பார் யார்? எழுநூறு இலைக்குத்தான் சொல்கிறோம். பெரும்பாலான திருமணங்களில் அது போதுமானதாகவே இருக்கிறது. என்றோ ஒரு முகூர்த்தத்தில் அழைத்தவர் அனைவரும் மெய்யாகவே சுற்றம் சூழ வந்துவிட்டால்தான் பந்தியில் சிக்கல்.

கெர்னல் இவ்வாறு நடந்துகொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. யூனிக்ஸ் மரபில் வந்த அமைப்புகளில் புதிய நிரலைத் தொடங்க வேண்டுமானால், இயங்கும் நிரல் முதலில் தன்னைப் போலவே ஒரு படி எடுத்துக்கொள்கிறது. இதனை ஃபோர்க் என்பர். 5 ஜி.பி. இடத்தில் வாழும் நிரல் தன்னைப் படியெடுத்தால் இன்னும் 5 ஜி.பி. வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நடப்பு அவ்வாறன்று. தாயும் சேயும் அதே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. யாரேனும் ஒருவர் ஒரு பக்கத்தில் எழுத முற்பட்டால் அந்த ஒரு பக்கம் மட்டும் படியெடுக்கப்படுகிறது. பெரும்பாலும் சேய் நிரல் தோன்றிய சில கணங்களில் வேறொரு சிறு நிரலாக மாறிவிடுகிறது. கெர்னல் ஏட்டுக் கணக்கையே பிடித்துக்கொண்டு மறுத்தால், பாதிப் பொறி வெறுமையாகக் கிடக்கும்போதே வேலை நின்றுபோகும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சுட்டாமல் செல்ல இயலவில்லை. வாக்குறுதி எந்த அளவு என்பதை நிருவாகி தீர்மானிக்கும்படி லினக்ஸில் ஓர் அமைப்பு எண் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் மிக அப்பட்டமான மிகைக் கேட்பை மட்டும் மறுக்கும். 1 என்றால் எதையும் மறுக்காது. 2 என்றால் ஸ்வாப் இடத்தோடு நினைவகத்தின் ஒரு விழுக்காட்டுப் பங்கைக் கூட்டி, அந்த வரம்புக்குமேல் வாக்குக் கொடாது. அந்தப் பங்கு வழக்கமாக 50 விழுக்காடு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியோர் தம் கையேட்டில் 2 என வைக்கும்படி அறிவுறுத்துகின்றனர். ரெடிஸ் என்னும் மற்றொரு தரவுத்தளத்தினர் 1 என வைக்கும்படி கூறுகின்றனர். ரெடிஸ் தன் தரவை வட்டில் சேமிப்பதற்கு முன் தன்னைப் படியெடுத்துக்கொள்வதால் அதற்கு மிகை வாக்குறுதி இன்றியமையாதது. இரண்டையும் ஒரே பொறியில் வைத்திருப்பவர் யார் சொல்லைக் கேட்பது? இருவர் கூறுவதும் தத்தம் நிலையில் சரியே. இங்கு எல்லார்க்கும் பொருந்தும் நல்விதி என ஒன்றில்லை.

வாக்குறுதிகள் மெல்ல மெல்ல மெய்யாகி, வெற்றுப் பக்கங்கள் குறையும்போது கெர்னல் கைகட்டி நிற்பதில்லை. இருப்பு ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழ் இறங்கியவுடன், கேஸ்வாப்டி என்னும் உட்பணியாளர் விழித்தெழுகிறார். வட்டிலிருந்து படித்து வைத்த கோப்புப் பக்கங்கள் மாற்றமின்றி இருந்தால் அவற்றைத் தூக்கி எறிகிறார். வேண்டுமானால் மீண்டும் படித்துக்கொள்ளலாம் அன்றோ? திருத்தப்பட்ட பக்கங்களை வட்டில் எழுதிவிட்டு இடத்தை மீட்கிறார். நிரல்களின் சொந்தத் தரவுள்ள பக்கங்களில் நெடுநேரம் தொடப்படாதவற்றை, ஸ்வாப் எனப்படும் வட்டுப் பகுதிக்கு அனுப்பிவைக்கிறார். இதுவும் போதாமல் இருப்பு அடுத்த கோட்டுக்கும் கீழே இறங்கினால், இடம் கேட்டு வந்த நிரலையே நிறுத்தி, நீயே தேடி மீட்டுக்கொண்டு போ என்று வேலை வாங்குகிறது கெர்னல். பொறி தடுமாறத் தொடங்குவது இந்நிலையில்தான்.

இத்தடுமாற்றம் பழைய நோய். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் பொறியிலேயே வட்ட உருளையையும் நினைவகத்தையும் ஒன்றாகக் காட்டும் முறை புகுத்தப்பட்டது. 1968இல் பீட்டர் டென்னிங் என்பார், பல நிரல்கள் தமக்கு வேண்டிய குறைந்த அளவு பக்கங்களையும் பெறாதபோது, பக்கங்களை உள்ளே கொணர்வதும் வெளியே தள்ளுவதுமாகவே காலம் கழிந்து, உருப்படியான வேலை ஏறத்தாழ நின்றுவிடும் என்று விளக்கினார். இதற்குத் திராஷிங் என்று பெயர். நெற்கதிரை அடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே சொல். இங்கே அடிக்கிறோம், அடிக்கிறோம், ஒரு மணியும் உதிர்வதில்லை.

ஸ்வாப் பகுதியே வைக்காவிட்டால் இந்நோய் வராது என்று எண்ணுவோர் பலர். அது பிழை. நிரலின் கட்டளைகளும் வட்டிலிருந்து படித்த கோப்புப் பக்கங்களே. ஆகையால் கெர்னல் அவற்றையும் தூக்கி எறியும். அடுத்த கணம் அதே கட்டளை வேண்டியிருக்கும். மீண்டும் படிக்கும், மீண்டும் எறியும். திரைமுன் அமர்ந்திருப்பவர் சுட்டியை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து நகர்கிறது. கெர்னலைக் கேட்டால், இதோ பக்கங்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், முன்னேற்றம் உண்டு என்கிறது. ஏட்டில் முன்னேற்றமும் நடப்பில் முடக்கமும் சேர்ந்திருக்கும் இந்த நிலையைக் கெர்னல் நெடுங்காலம் அடையாளம் காணவில்லை. இதனைப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

எவ்வளவு தேடியும் ஒன்றும் தேறாமல், பதினாறு முறை முயன்றும் பயனின்றிப் போனால், கெர்னல் கடைசிக் கருவியைக் கையில் எடுக்கிறது. அதற்கு ஓ.ஓ.எம். கில்லர் என்று பெயர். நினைவகம் தீர்ந்தபோது கொல்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். இயங்கும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மறுக்கவோ தள்ளிப்போடவோ இயலாத 9ஆம் எண் குறிப்பை அனுப்பிக் கொன்றுவிட்டு, அது வைத்திருந்த பக்கங்களை மற்றவர்க்குப் பகிர்ந்தளிக்கிறது. இடம் கேட்டு வந்தவர் ஒருவர், உயிரிழப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

யாரைக் கொல்வது? நம் உரையின் கருப்பொருள் இக்கேள்வியே. 1998இல் ரிக் வான் ரீல் என்பார் எழுதிய முதல் வடிவத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மதிப்பெண் போடப்பட்டது. இத்தேர்வில் முதலிடம் பெறுபவர்க்கு மரணம். நிரல் கேட்டு வாங்கிய முகவரிப் பரப்பு எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண். நெடுநேரம் உழைத்த நிரலுக்கு மதிப்பெண் குறையும், நேற்று வந்ததைவிட நெடுநாள் இருந்ததை விட்டுவைப்போம் என்ற எண்ணத்தால். தன் முன்னுரிமையைத் தானே தாழ்த்திக்கொண்ட நிரலுக்கு மதிப்பெண் இரட்டிக்கும். பிறர்க்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவரே முதலில் பலியாவார் என்றாயிற்று. தலைமை நிருவாகியின் நிரல்களுக்கோ மதிப்பெண் நான்கில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. ஆயினும் எல்லாம் சேர்ந்தபோது, யார் பலியாவார் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலவில்லை.

2010இல் டேவிட் ரியன்ட்ஜெஸ் என்பார் இதனைத் திருத்தி எழுதினார். புதிய விதி எளியது. மொத்த நினைவகத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கை ஒரு நிரல் மெய்யாகவே பிடித்திருக்கிறதோ, அதுவே அதன் மதிப்பெண். 8 ஜி.பி. பொறியில் 2 ஜி.பி. பிடித்திருந்தால் 250. வயதும் உழைப்பும் கணக்கில் வாரா. தலைமை நிருவாகியின் நிரல்களுக்கு நூற்றுக்கு மூன்று பங்கு சலுகை மட்டும் எஞ்சியிருந்தது. 2018இல் அதுவும் நீக்கப்பட்டது. உயர்ந்தவர் நிரல் என்பதற்காக இன்று எந்தத் தள்ளுபடியும் இல்லை. அது நல்ல திருத்தம் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் எளிய விதியும் ஓர் ஊகமே. பெரியதைக் கொன்றால் ஒரே அடியில் மிகுந்த இடம் கிடைக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. உதவித்தொகை விண்ணப்பங்களைப் பெறும் ஒரு பொறியை எண்ணிக்கொள்ளுங்கள். இறுதி நாள் மாலை. நாற்பது கிராமத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் படிவம் அனுப்புகிறார்கள். அப்பொறியில் மிகுந்த இடம் பிடித்திருக்கும் நிரல் எது? அப்படிவங்களையெல்லாம் வாங்கி அடுக்கிவைக்கும் தரவுத்தளமே. பின்னணியில் எவரோ தொடங்கிவிட்டு மறந்த அறிக்கை நிரல் ஒன்று சிறிது சிறிதாக இடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் தரவுத்தளத்தின் அளவு வரவில்லை. இருப்பைத் தீர்த்தது அறிக்கை நிரல், கொல்லப்படுவது தரவுத்தளம். பொறியோ நலமாக நிமிர்ந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. விண்ணப்பத்தை வாங்க மட்டும் ஆளில்லை.

நிரலின் அளவு கெர்னலுக்குத் தெரியும், அதன் அருமை தெரியாது. அருமையை அறிந்தவர் அப்பொறியைக் காப்பவர்தாம். அவர் முன்னதாகவே சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் −1000 முதல் +1000 வரை ஒரு திருத்த எண் கொடுக்கலாம். −1000 என்றால் எக்காரணம் கொண்டும் தொடாதே என்று பொருள். +1000 என்றால் முதலில் இதனை எடு. மேற்சொன்ன பொறியில் தரவுத்தளத்தின் தலைமை நிரலுக்கு −1000 என்று ஒரு வரி எழுதியிருந்தால் அறிக்கை நிரலே போயிருக்கும். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தன் எண்ணை உயர்த்திக்கொண்டு தன்னைப் பலிக்கு முன்நிறுத்த எந்த நிரலுக்கும் உரிமை இருக்கிறது. தன் எண்ணைத் தாழ்த்திக்கொண்டு தப்பிக்க மட்டும் மேலதிகாரம் வேண்டும். எல்லார்க்கும் அவ்வுரிமையைக் கொடுத்தால் எல்லாரும் −1000 என்று எழுதிக்கொள்வர். கொல்ல ஒருவரும் எஞ்சாதபோது கெர்னல் தானே நின்றுபோவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறும் நிகழ்வதுண்டு.

2004இல் ஒருவர் தம் பொறியின் திரையைப் பூட்டிவிட்டு வெளியே சென்றிருந்தார். அந்நேரத்தில் நினைவகம் தீர்ந்தது. கெர்னல் தேர்ந்தெடுத்த பலிகளுள் ஒன்று, திரையைப் பூட்டிக் காத்த நிரல். அவர் திரும்பி வந்தபோது பொறி யாரும் புகத்தக்கவாறு திறந்து கிடந்தது. சில நிரல்களுக்கு மன்னிப்பு வழங்கும் வசதி வேண்டும் என்று அவர் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அதற்கு மறுமொழியாக ஆண்ட்ரீஸ் பிரவுவர் என்னும் கெர்னல் அறிஞர் ஒரு வானூர்தி உவமை எழுதினார். எரிபொருளைக் குறைவாக நிரப்பிப் பறப்பது சிக்கனம் என்று கண்ட நிறுவனம் ஒன்று, எரிபொருள் தீரும் வேளையில் எந்தப் பயணியை வெளியே தள்ளுவது என்பதற்கு நுட்பமான விதிகளை வகுத்துக்கொண்டிருப்பதாக அவர் கற்பனை செய்தார். முழு எரிபொருளோடு பறந்தால் என்ன என்பது அவர் கேள்வி. விண்டோஸ் அமைப்பு அவ்வாறுதான் நடக்கிறது. நினைவகமும் வட்டு இடமும் சேர்ந்த அளவுக்குமேல் அது வாக்குக் கொடுப்பதில்லை. கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். அமைப்பில் கொல்வதற்கு முன்பாக எல்லா நிரல்களுக்கும் அபாய அறிவிப்பு ஒன்று அனுப்பப்படுகிறது. உள்ளதை விட்டுக்கொடுக்கக் கூடியவர் கொடுக்கலாம்.

பிரவுவரின் எள்ளலை நாம் சுவைத்தாலும் முழுதும் ஏற்பதற்கில்லை. இல்லை என்ற சொல்லைக் கேட்டுத் தாங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்ட நிரல்கள் மிகச் சிலவே. மறுப்பு வந்தவுடன் பெரும்பாலானவை தாமே விழுந்துவிடுகின்றன. அப்போதும் பலி உண்டு. யார் அந்த நொடியில் கேட்டாரோ அவர் தலையில் விழுகிறது என்பதே வேறுபாடு.

பலியை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தோர் கதை ஒன்று உண்டு. 1969 ஜூலை 20ஆம் நாள் அப்போலோ 11இன் இறங்குகலம் நிலவை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தபோது, கணிப்பொறி 1202 என்னும் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அப்பொறியில் எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. ஹால் லேனிங் என்பார் வகுத்த மேலாண்மை நிரல், ஒவ்வொரு பணிக்கும் நினைவகத்தில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கும். அன்று தேவையற்ற நிலையிலிருந்த ரேடார் இணைப்பு ஒன்று செயலியின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. பழைய பணிகள் முடியுமுன் புதியவை வந்து குவிந்தன. ஒதுக்க இடமில்லை என்பதே 1202இன் பொருள். பொறி உடனே தன்னைத் தானே துடைத்து மீண்டும் தொடங்கியது. இறங்குதலுக்கு இன்றியமையாத பணிகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. மற்றவை கைவிடப்பட்டன. எவை இன்றியமையாதவை என்பதை அப்பொறி அந்த நெருக்கடியில் ஊகிக்கவில்லை. அப்பயணத்தின் தேவைகளை அறிந்தோர் தரையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் எண்ணி எழுதி வைத்திருந்தனர். கலம் நலமாக இறங்கியது. பொதுப் பயனுக்கான கெர்னலுக்கு அந்த நற்பேறு இல்லை. தன்மேல் எந்த வேலை ஏற்றப்படும் என்பது அதற்குத் தெரியாது.

கொல்வது என்று தீர்மானித்த பின்னும் கொல்வது எளிதாக இருப்பதில்லை. கெர்னல் தன் உள்வேலைகளுக்காகவும் நினைவகம் கேட்கிறது. எட்டுப் பக்கம் வரையிலான, அதாவது 32 கே.பி. வரையிலான சிறு கேட்புகளை ஏறத்தாழ ஒருபோதும் மறுப்பதில்லை என்பது நெடுங்கால வழக்கம். மறுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் உள்நிரல்கள் பல எழுதப்பட்டுவிட்டன. இப்போது ஒரு நிலையைக் கற்பனை செய்க. கோப்புகளைக் காக்கும் பகுதியில் ஒரு நிரல், கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகம் இல்லை. கெர்னல் வேறொரு நிரலைக் கொல்லத் தேர்கிறது. அந்த நிரலோ அதே கதவின் முன் திறக்கட்டும் என்று உறங்கி நிற்கிறது. கதவு திறந்தால்தான் அது விழிக்கும், விழித்தால்தான் சாகும், செத்தால்தான் நினைவகம் வரும், நினைவகம் வந்தால்தான் கதவு திறக்கும். பொறி அப்படியே உறைந்துவிடும். 2014இல் இதுபற்றிக் கெர்னல் அறிஞர்களிடையே கடும் விவாதம் நடந்தது. 2016இல் மிகல் ஹோக்கோ என்பார் ஒரு தீர்வு கொணர்ந்தார். தீர்ப்புப் பெற்ற நிரல் விழிக்கும்வரை காத்திராமல், அது உறங்கும்போதே அதன் சொந்தப் பக்கங்களை உருவியெடுக்கத் தனிப் பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் பெயர் ரீப்பர், அறுவடைக்காரர். எப்படியும் இறக்கப்போகிறவர்க்கு அப்பக்கங்கள் இனி எதற்கு?

முன்னர்க் குறித்து வைத்த முடக்கத்துக்கு இனி வருவோம். 2018இன் இறுதியில் வெளிவந்த 4.20ஆம் பதிப்பில் ஜொஹான்னஸ் வைனர் என்பார் ஒரு புது அளவுகோலைச் சேர்த்தார். இருப்பு எவ்வளவு என்று எண்ணுவதோடு நில்லாமல், நினைவகத்துக்காகக் காத்து நின்றதால் நிரல்கள் இழந்த நேரம் எவ்வளவு என்று அது அளக்கிறது. கடந்த பத்து நொடியில் எல்லா நிரல்களும் ஒருசேர முடங்கிய நேரம் நூற்றுக்கு நாற்பது என்றால், ஏட்டில் என்ன முன்னேற்றம் எழுதியிருந்தால் என்ன, பொறி நோயுற்றிருக்கிறது. இந்த அளவைக் கண்காணித்து, கெர்னல் கைவைக்குமுன் தாமே ஒரு நிரலை நிறுத்தும் காவலர் நிரல்கள் பின்னர் வந்தன. அவற்றிலும் குறை உண்டு. 2022இல் உபுண்டு 22.04ஆம் பதிப்பில் அத்தகைய காவலர் சேர்க்கப்பட்டபோது, படித்துக்கொண்டிருந்த உலாவி திடீரென மறைந்துவிடுகிறது என்று பயனர் பலர் முறையிட்டனர். முந்திக் கொன்றாலும் குறை, பிந்திக் கொன்றாலும் குறை.

பெருநிறுவனங்களின் பொறிகளில் இப்போது குழுவாகப் பிரித்து வரம்பு கட்டும் முறை வழக்கத்தில் உள்ளது. ஒரு குழுவுக்கு 512 எம்.பி. என்று வேலி போட்டுவிட்டால், அதனுள் மிகை நேர்ந்தால் அவ்வேலிக்குள்ளேயே பலி நேரும். பக்கத்து வீட்டுக்காரர் தப்புவார். 137 என்னும் எண்ணோடு நிரல் முடிந்தது என்ற செய்தியைக் கணிப்பொறித் துறையில் பணிக்குச் செல்லும் நம் இளைஞர் பலர் காண்பர். 128உடன் 9ஐக் கூட்டினால் 137. வெளியிலிருந்து 9ஆம் குறிப்பால் கொல்லப்பட்டது என்பதே அதன் பொருள். நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழிப்பதற்கு முன், கெர்னலின் செய்தி ஏட்டைத் திறந்து பாருங்கள். நினைவகம் தீர்ந்து கொல்லப்பட்டிருந்தால், கொல்லப்பட்டவர் யார், அவர் எவ்வளவு இடம் பிடித்திருந்தார், அப்போது உடனிருந்தோர் யார் யார் என்ற அட்டவணை முழுவதும் அங்கே இருக்கும். ஒளிவுமறைவின்றித் தன் செயலை எழுதிவைப்பது இக்கெர்னலின் நற்குணம்.

இறுதியாகக் கைப்பேசி. ஆண்ட்ராய்டு அமைப்பில் கொல்வது அன்றாட நடைமுறை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்குத் திருத்த எண் 0. பின்னணியில் பாட்டு இசைக்கும் செயலிக்கு 200. காலையில் திறந்துவிட்டு மறந்த செயலிகளுக்கு 900க்குமேல். அமைப்பின் உயிர்நாடியான பகுதிகளுக்குக் கழித்தல் எண்கள். நீங்கள் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுந்தோறும் இவ்வெண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இடம் குறைந்தால் எண் மிகுந்தவரிலிருந்து எடுக்கப்படுவர். முன்பு கெர்னலினுள் இருந்த இதற்குரிய பகுதி 2017இல் நீக்கப்பட்டு, இப்போது வெளியிலுள்ள ஒரு காவலர் நிரல் அதனைச் செய்கிறது. செயலியை எழுதுவோர்க்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. பின்னணிக்குத் தள்ளப்படும் கணத்திலேயே, பாதி நிரப்பிய படிவமானாலும் பாதி எழுதிய கடிதமானாலும், அதனைச் சேமித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட செயலி கொல்லப்பட்டாலும், நீங்கள் மீண்டும் தொட்டவுடன் விட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. இறந்து மீண்டதை நீங்கள் அறிவதேயில்லை. அவ்வாறு எழுதப்படாத செயலியில்தான், ஒருமுறைக் கடவெண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குச் சென்று திரும்பி வருவதற்குள் நிரப்பிய படிவம் வெறுமையாகிக் கிடக்கிறது.

மாணவர்கள் இதனைத் தம் கண்ணாலேயே காணலாம். சங்கத்தின் கணிப்பொறி அறையில் லினக்ஸ் உள்ள பொறி ஏதேனும் இருந்தால், புராக் என்னும் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்து, கொடுத்த வாக்குறுதி எவ்வளவு, கையிலுள்ள இருப்பு எவ்வளவு என்னும் இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் ஆசிரியரின் துணையோடு நினைவகத்தை நிரப்பும் பத்து வரி நிரல் ஒன்றை எழுதி, அதன் திருத்த எண்ணை +1000 என வைத்து ஓடவிடுங்கள். சேமிக்காத வேலை எதனையும் அப்பொறியில் வைத்திருக்க வேண்டா.